ஓட்டை இல்லாத சுவர்

அந்த அக்காவிடம் சாடையாகப் பேசிவிட்டு யாரும் தப்பித்துப் போக முடியாது. "என்ன சொல்ல வாரீக? வாயால சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முறைப்பு இருக்காது, சத்தம் இருக்காது. பதில் எப்படியும் வந்துதான் தீரும் என்ற பொறுமை மட்டும் இருக்கும். அந்தப் பொறுமைதான் மனிதர்களைப் படுத்தி எடுத்துவிடும்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்கா வேலை பார்த்தார். பாளையம்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் 'லேப்புக்கார அக்கா' என்றால்தான் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்டால் "எழுது, இனிசியலோட எழுது" என்றுதான் சொல்வார். ஆனால் இதில் வருகிற மற்றவர்கள் என் வீட்டுக்காரர் வழியில் சொந்தம். நல்லது கெட்டது என்றால் இன்றைக்கும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். அதனால் யார் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒருமுறை உடம்பு அசதியாக இருக்கிறதென்று ரத்தம் பார்க்க அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா மேஜைமேல் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா ரப்பர் பட்டையை எடுத்தபோது, "நீ எந்த ஊரு தாயி?" என்றார். அக்கா ஊரைச் சொன்னார். "எங்களுக்குப் பக்கந்தான். ஊருக்குள்ளயா, காலனியா?" "காலனி." நீட்டியிருந்த கை மெதுவாக முந்தானைக்குள் போய்விட்டது.

"வேற ஆளு யாரும் இல்லையா தாயி?"

"இருக்காக. எதுக்கு வேற ஆளு?"

"இல்ல... ஊசி வலிக்குமோன்னு."

"யாரு குத்துனாலும் வலிக்கும். என்ன காரணம்னு சொல்லுங்க, இந்தா இப்பவே கூப்பிடுறேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் கையை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தார். அக்கா ஒரே குத்தில் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீக" என்று மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

என் முறை வந்தபோது, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எல்லா ரத்தமும் சிவப்புதானக்கா" என்றேன். அக்கா சிரித்தார். "அது அவுகளுக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்காக" என்றார்.

நாங்கள் இருந்த காம்பவுண்டு என் வீட்டுக்காரருக்கு மாமா முறை ஆகிறவருடையது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அவருக்கு மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் விதைப்பார். பெய்யாவிட்டால் கருவேலம் முளைக்கும். முன்வீட்டில் மாமாவும் அத்தையும். பக்கவாட்டில் நாங்கள். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட்டு வேலைக்குப் போனார். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக இன்னொரு வீடு. அந்தப் பின்வீட்டில் மட்டும் யாரும் மூன்று மாதம் நிலைத்ததில்லை. உள்ளே நுழைந்ததும் ஈரச்சாக்கைத் திறந்ததுபோல் ஒரு வாடை அடிக்கும்.

அதற்குக் காரணம் பின்வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாமா தன் குளியலறையை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார். மூன்று பக்கம்தான் சுவர் எழுப்பினார். நான்காவது பக்கத்துக்குப் பின்வீட்டின் சுவரையே வைத்துக்கொண்டார். செங்கல் மிச்சம். வீட்டுக்குள்ளே அந்தச் சுவர் முழுவதும் ரோஜாப்பூப் போட்ட பளபளப்பான தாளை ஒட்டியிருந்தார். வீடு பார்க்க வருகிறவர்களிடம், "மெட்ராஸ்ல இருக்க மாதிரி வால்பேப்பரு போட்டிருக்கு" என்று அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டுவார்.

அக்கா தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்த அன்று நான் வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஊரைக் கேட்டார். அக்கா சொன்னார். "அங்க யாரு வீடு?" "எங்க வீடுதான்." "அதுக்கில்ல... அங்க நமக்கு வேண்டியவுக இருக்காக. யாருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கத்தான்."

"அண்ணாச்சி, நீங்க கேக்க நெனச்சதக் கேளுங்க. சொல்றேன். பிடிச்சா வீட்டைக் குடுங்க."

மாமா தொண்டையைச் செருமினார். அத்தையைப் பார்த்தார். பின்வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே, "சாவிய எடுத்துக் குடு" என்றார். கேட்டால் பதில் தெரிந்துவிடும்; தெரிந்தபிறகு கொடுத்ததாக ஆகிவிடும். கேட்காமல் கொடுத்தால் அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கணக்கு எனக்கே புரிந்தது. அக்காவுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அக்காவின் அம்மா காலமெல்லாம் பிறர் காட்டில் களையெடுத்தவர். மாமா எதிரே வந்தால் எழுந்து நின்று "சாமி" என்பார். அக்கா உட்கார்ந்தபடியே "அண்ணாச்சி" என்பார், அத்தையை "மதினி" என்பார். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா, வாடகை குடுத்துட்டுத்தான் இருக்கோம்" என்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

வந்த வருடம் பொங்கலுக்கு அக்கா எல்லா வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். மறுநாள் காலையில் முன்வீட்டுக்குப் போய், "மதினி, பொங்கல் நல்லாருந்துச்சா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார் அத்தை. "கோழிக்குப் பிடிச்சிருந்துச்சு, மாடியில துணி காயப்போடையில பாத்தேன். உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சான்னுதான் கேட்டேன்" என்றார் அக்கா. அத்தையின் முகம் செத்துப்போயிற்று. அதன்பிறகு யார் எதைக் கொடுத்தாலும் அக்கா பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுப்பார். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாதென்று அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்.

அக்காவோடு பழகுவது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தவரிடம், "ஒண்ணும் இல்லைலக்கா?" என்றேன். "சுகர் இருக்கு. நீ எப்படிக் கேட்டாலும் இருக்கத்தான் செய்யும்" என்றார். முப்பது வயதுகூட ஆகாதவளிடம் கொஞ்சம் பொத்திச் சொல்லியிருக்கலாம். நான் அழுதேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கிற வரை இருந்துவிட்டு, எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை வந்தது. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வருகிற அன்று தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கும். மாமா தொட்டியை நிரப்பிக்கொண்டு, எங்களுக்கும் பின்வீட்டுக்கும் குடக்கணக்கில் விடுவார். அந்தச் சித்திரையில் தொட்டி வேகமாகக் குறைய ஆரம்பித்தது. மாலையில் விளிம்பு வரை இருந்த தண்ணீர் காலையில் ஒரு சாண் இறங்கியிருக்கும். மாமா தொட்டிக்குத் தகர மூடி செய்து பூட்டுப் போட்டார். பூட்டின பிறகும் குறைந்தது.

அதே நாட்களில் பின்வீட்டுச் சுவரில் ரோஜாப்பூத் தாள் உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் தொப்பென்று சத்தம் வரும். ஓரங்களில் கறுப்புப் பூசணம். அக்காவின் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி, வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். தாளை எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிடலாமா என்று அக்கா கேட்டதற்கு, "விலை குடுத்து ஒட்டுனது, கைய வைக்காதீக" என்று மாமா சொல்லிவிட்டார்.

ஒருநாள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் கடைக்கார அம்மா என்னிடம் குனிந்து, "உங்க காம்பவுண்டுல பின்னால இருக்கவுக, சுவத்துல ஓட்டை போட்டுத் தொட்டித் தண்ணிய உறிஞ்சுறாகளாமே? தாளை வச்சு மறைச்சிருக்காகளாமே?" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க மாமாதான் இங்க நின்னு சொல்லிட்டுப் போனாக."

மாலை அக்கா வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். கைப்பையை வைத்தார். முகம் கழுவினார். சேலையைச் சரிசெய்துகொண்டு முன்வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் தண்ணி எடுக்கேன்னு சொன்னீகளாமே."

"நான் எங்க சொன்னேன்? தெருவுல ஆயிரம் பேசுவாக."

"தெருவுல என்ன பேசுறாக?"

"அதான்... தண்ணி குறையுதுன்னு."

"குறையுது. சரி. எப்படிக் குறையுதாம்?"

மாமா பேப்பரை மடித்தார். "ஏம்மா, முன்ன நம்ம ஆளுக இருந்தப்ப குறையல. இப்பக் குறையுது. நான் என்னத்தச் சொல்ல?"

"அதத்தான் வாயால சொல்லுங்கங்கேன்."

அத்தை உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். தெருவில் போன இரண்டு பேர் நடையைக் குறைத்தார்கள். மாமாவுக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று எழுந்து, "சுவத்துல ஓட்டை போட்டு எடுக்கியோன்னு சந்தேகம். போதுமா?" என்றார். அதுவரை நீங்க என்றிருந்தவர் அன்றைக்குத்தான் நீ என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "போதும். வாங்க, ஓட்டையப் பாப்போம்."

"என்னத்தப் பாக்க? அதான் தாளு இருக்கே. தாளுக்குப் பின்னால என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு யாரு கண்டா?"

"அப்ப தாளை எடுத்துருவோம்."

"அது என் தாளு!"

"ஓட்டை என்னுது, தாளு உங்களுதாக்கும்?" என்றார் அக்கா. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வாசலைத் தெறந்து வச்சு எடுக்கேன். சந்தேகப்பட்ட எல்லாரும் வந்து பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில், டிவி, மாவரைக்கிற கிரைண்டர் எல்லாம் முருங்கை மரத்தடிக்கு வந்துவிட்டன. அக்காவின் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு, "வேண்டாந்தா. வேற வீடு பாத்துப் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போவோம்மா. களவாணிப் பேரோட போகக் கூடாது."

தாளை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஒரு செம்புகூடத் தொட மாட்டேன் என்று அக்கா வேன்காரரிடம் கேன் தண்ணீர் வாங்கிவைத்திருந்தார். நாங்களெல்லாம் குடிப்பதற்கே யோசித்து வாங்குகிற தண்ணீரை அடுப்பில் சூடாக்கி, துணியில் நனைத்து, சுவரில் ஒற்றினார்.

நான் எங்கள் வீட்டுத் தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முன்வீட்டு வாசலில் மாமா வழிமறித்தார்.

"நீ எங்க போற?"

"தாளை எடுக்கப் போறேன் மாமா."

"நீ நம்ம வீட்டுப் பிள்ள."

"அதனாலதான் போறேன் மாமா. நம்ம ஆளு யாரும் கூட இல்ல, ஓட்டைய அடைச்சுட்டுக் காட்டுறாகன்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல."

அவ்வளவு பேசுகிறவள் இல்லை நான். அக்காவோடு சேர்ந்து பழகியதில் ஒட்டிக்கொண்டதாக இருக்கும். அன்று சாயங்காலமே என் மாமியார் போனில் கூப்பிட்டு, "குடியிருக்க வீட்டுக்காரனப் பகைச்சுக்கிட்டு எங்க போயி நிப்பீக?" என்று கத்தினார். போகட்டும்.

மேல்தாள் சுலபமாக வந்தது. ஒரு மூலையைக் கிளப்பி இழுத்ததும் வாழைமட்டை உரிவதுபோல் ரோஜாப்பூக்கள் மொத்தமாக உரிந்து தரையில் விழுந்தன. ஆனால் அதற்கடியில் தடித்த காக்கித் தாள் இருந்தது. அதற்கும் அடியில் பழைய செய்தித்தாள், மைதாப் பசையில் கல்லாக இறுகிப்போய். மாமா ஒருமுறை அல்ல, ஈரம் வெளியே தெரியத் தெரிய மேலே மேலே ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். புளித்த பசை வாடை குப்பென்று அடித்தது. இடுக்குகளிலிருந்து வெள்ளிப்பூச்சிகள் ஓடின. நான் பரபரவென்று சுரண்ட ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவசரப்படாத. காரை பேந்துச்சுன்னா ஓட்டைய நாமளே போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். ஊறட்டும். ஊறுனா அதுவா விட்டுக் குடுக்கும்."

துணியை நனைத்து ஒற்றுவது, காத்திருப்பது, கரண்டியைச் சுவரோடு படுக்கவைத்து மெல்லத் தள்ளுவது. மறுபடி துணி. நகத்துக்குள் பசையும் பூசணமும் ஏறின. தோள்பட்டை விட்டுப்போயிற்று. வாசலில் ஒருவர் இருவராக ஆட்கள் சேர்ந்தார்கள். கடைக்கார அம்மாவும் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். யாரும் உள்ளே வரவில்லை. அக்கா அவர்களை வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சுரண்டிக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைசித் தாளும் வந்துவிட்டது. அக்கா ஒரு காய்ந்த துணியால் சுவரை மேலிருந்து கீழாகத் துடைத்தார். ஒதுங்கி நின்றார். "வாங்க" என்றார்.

சுவரில் ஓட்டை இல்லை. குண்டூசி நுழைகிற ஓட்டைகூட இல்லை. இருந்தது ஈரம். அதுவும் சுவர் முழுக்க இல்லை. இடுப்பு உயரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நின்றது. கோட்டுக்கு மேலே வெள்ளையாகக் காய்ந்த சுவர். கீழே கறுத்து, தொட்டால் விரல் நனைகிற சுவர். அந்தப் பக்கம் தொட்டி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதோ, அதே அகலம், அதே உயரம். கீழ் மூலையில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து, தரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற சித்திரையில், மாமாவின் தண்ணீர் யாருக்கும் ஆகாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவர்களில் பலர் அந்த வீட்டுக்குள் காலை வைத்தது அன்றுதான். கடைக்கார அம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து, கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏலே, தொட்டியே இங்கிட்டு வந்து நிக்குது பாரு" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாமா கடைசியாக வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "உவர் மண்ணு. இந்தப் பக்கம் எல்லாச் சுவரும் இப்படித்தான் பூக்கும்" என்றார்.

"உவர் தொட்டி உயரம் பாத்தா ஏறும் அண்ணாச்சி?"

"தாளைக் கிழிச்சு என் சுவரையே நாசம் பண்ணிட்டு, பேச்சு வேற..."

"சுவத்துல ஓட்டை இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முன்வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தபோது ஒரு காரியம் நடந்தது. அத்தை தொட்டிக்குப் போகிற குழாயைத் திறக்கவே இல்லை. வீட்டிலிருந்த டிரம், அண்டா, குடம் எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்துப் பிடித்தார். மாமா கத்தினார். "தொட்டி கொஞ்ச நாளு சும்மா கெடக்கட்டும். என்னதான் ஆகுதுன்னு பாப்போம்" என்றார் அத்தை. அவர் மாமாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தொட்டி காய்ந்தது. கூடவே சுவரும் காய்ந்தது. கறுப்பு மெல்ல மெல்ல இறங்கி, உப்பு வெள்ளையாகப் பூத்து, அதையும் அக்கா துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார். வாடை போயிற்று. அவர் அம்மா கட்டிலை உள்ளே கொண்டுபோனார். டிரம்மில் பிடித்த தண்ணீர் ஒரு செம்பும் குறையவில்லை. அதற்குப் பிறகு மாமாவுக்கு வேறு வழியில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொட்டிக்கு நான்காவது சுவர் கட்டினார். "பழசாயிருச்சு, அதான் மாத்துறேன்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா முடிக்கவில்லை.

மாமா ஒருநாள் புதிதாக ஒரு சுருள் தாளும், ஒட்டுவதற்கு ஆளுமாக வந்தார். பச்சை இலை போட்ட தாள். அக்கா வாசலை மறித்து நின்றார்.

"வேண்டாம்."

"சுவரு அசிங்கமா இருக்கும்மா. வாரவுக போறவுக என்ன நெனப்பாக?"

"உங்க தொட்டி ஒழுகுச்சுன்னு நெனப்பாக. நெனைக்கட்டும்."

"என் வீடு. நான் ஒட்டத்தான் செய்வேன்."

"என்னையக் களவாணின்னு தெருவுல வச்சுச் சொன்னீக. இல்லைன்னும் தெருவுல வச்சுச் சொல்லுங்க. அன்னைக்கே ஒட்டிக்கங்க. நானே பசை காய்ச்சித் தாரேன்."

தாள் முன்வீட்டுக்கே திரும்பிப் போய் ஒரு மூலையில் நின்றது. "இருக்கப் பிடிக்கலைன்னா காலி பண்ணிக்க" என்று மாமா சொல்லிப் பார்த்தார். "இருக்கப் பிடிச்சிருக்கு. இப்பத்தான் வாடையே போயிருக்கு. நீங்க காலி பண்ணச் சொல்றதா இருந்தா, எதுக்குன்னு காரணத்தச் சொல்லுங்க" என்றார் அக்கா. மாமாவிடம் எப்போதுமே இல்லாதது அந்தக் காரணம்தான். இருந்த காரணமோ வாய்விட்டுச் சொல்ல முடியாதது.

அக்கா வீட்டிலிருக்கும்போதெல்லாம் கதவை விரியத் திறந்து வைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் சந்து வழியே நேராக அந்தச் சுவர் தெரியும். வெள்ளையும் பழுப்புமாக, நடுவே அந்தக் கோடு.

ஒருநாள் மத்தியானம் மாமா காட்டுக்குப் போயிருந்த நேரம், அத்தை பின்வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தை உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடியே, "தண்ணிய நீ எடுக்கல தாயி. தொட்டிதான் ஒழுகுச்சு. அவுக சொல்ல மாட்டாக. நான் சொல்றேன். அவுகளுக்கும் சேத்து நான் சொல்றேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதோடு அக்கா இறங்கிவருவார் என்று நினைத்தேன். அவர் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அத்தை வாங்கிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு அக்கா சொன்னார்: "நீங்க எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்துச்சு மதினி, அத நீங்க இன்னைக்கு இந்த டீயக் குடிச்சுச் சொல்லிட்டீக. அவுகளுது அவுககிட்டத்தான் இருக்கு. அத நீங்க சுமக்காதீக."

அத்தை அதன்பிறகு அடிக்கடி வந்தார். மாமா வரவில்லை. சுவரும் அப்படியே இருந்தது. ஒரு மழைக்காலம் போய், இன்னொரு கோடையும் வந்தது.

அந்தக் கோடையில்தான் அக்காவுக்குத் திருச்சுழியில் அரசாங்க வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வர அம்மாவின் உடம்பு இடம்கொடுக்காது என்று அங்கேயே வீடு பார்த்துவிட்டார். காலி செய்கிற அன்று காலையில் லோடு ஆட்டோ வந்து சந்துமுனையில் நின்றது. நானும் அத்தையும் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேடிக்கை பார்க்க வழக்கமான ஆட்கள் நின்றார்கள். கடைக்கார அம்மாவும் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வீடு பார்க்க ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தவர்கள் மூலம் வந்தவர்கள். அந்தப் பெண் டீச்சர். மாமா பணிவாகக் கூட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்கய்யா சுவரு இப்படி இருக்கு? முன்னாடி இருந்தவுக வீட்டைச் சரியா வச்சுக்கலையோ?"

மாமாவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆமா என்று ஒரு வார்த்தை போதும். அக்கா தலையணை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா வாயைத் திறந்தார், மூடினார்.

"உவரா?" என்றார் டீச்சரின் புருஷன். "உவர் சுவருன்னா வேண்டாம்யா. இப்ப இருக்க வீட்ட அதனாலதான் காலி பண்றோம்."

"இல்ல, இல்ல. உவர் இல்ல" என்றார் மாமா அவசரமாக. பிறகு குரலை இறக்கி, "தொட்டி ஒழுகிருச்சு. இப்பச் சரி பண்ணியாச்சு" என்றார்.

"என்ன சொன்னீக?" என்றார் டீச்சர்.

"அண்ணாச்சி, அவுகளுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார் அக்கா.

சந்துமுனையில் ஆட்டோக்காரர்கூட பீடியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மாமா கழுத்து வரை சிவந்துபோனார். திடீரென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"எங்க தொட்டிதான் ஒழுகுச்சு! நான்தான் மிச்சம் பிடிக்கேன்னு சுவத்தோட சேத்துக் கட்டுனேன்! இவுக ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கல! போதுமா?"

கடைக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் ஒன்றும் புரியாமல் புருஷனைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அக்கா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"போதும் அண்ணாச்சி" என்றார். "இனி தாளை ஒட்டிக்கங்க."